காலை ஒன்று, மாலை ஒன்று

ஊருக்குக் குடிதண்ணீர் அனுப்பும் நிலையத்தில் அவர் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறார். ஆற்றிலிருந்து ஏறி வரும் தண்ணீரில் கிருமி கொல்லும் பவுடரை அளந்து கலப்பது அவர் பொறுப்பு. பவுடர் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, மருந்து என்பார்கள். அதனால் அவருக்கும் மருந்துக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. குழாயில் வாடை தூக்கலாக வந்தால் கடைத்தெருவில் பிடித்து நிறுத்தித் திட்டுவார்கள். வாடையே இல்லாவிட்டால் இன்றைக்கு ஆள் தூங்கிவிட்டார் என்பார்கள். இரண்டுக்கும் சிரித்துக்கொண்டே போகத் தெரிந்த மனிதர்.

வேலையில் மட்டும் அந்தச் சிரிப்பு இருக்காது. கலக்கும் தொட்டியின் சுவரில் ஓர் ஆணியில் தகரத் தகடு தொங்கும். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. மருந்து போட்டவர் தகட்டை வெள்ளைப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் கை கழுவவே போக வேண்டும். அடுத்த முறைக்கு வருபவர் முதலில் தகட்டைப் பார்ப்பார்; வெள்ளை என்றால் மருந்து விழுந்தாயிற்று, புதுத் தண்ணீர் ஏறியதும் சிவப்புக்கு மாற்றுவார்கள். ஒரே தொட்டியில் இரண்டு பேர் மருந்து போட்டுவிட்டால் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கிற விதி இல்லை. எப்போதோ யாரோ பட்டுத் தெரிந்துகொண்டு ஆணி அடித்திருக்கிறார்கள்.

காலை முறை பார்ப்பவர் வால்வு அண்ணன். வால்வுச் சக்கரத்தைத் திருப்புவதற்கு முன் அதை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான் திருப்புவார். மருந்துக்காரருக்குக் கடவுள் என்ற பேச்சே ஆகாது. சோதனைக் குப்பித் தண்ணீரில் திரவம் ஒரு சொட்டு விட்டால் மருந்துக்கு ஏற்ப நிறம் மாறுகிறதா, அதுதான் அவருக்குச் சாட்சி. ஆனாலும் இருவருக்கும் ஒருநாள்கூட வாய்ச்சண்டை வந்ததில்லை. "நீ வேண்டிக்கிட்டாலும் திருப்பணும், வேண்டிக்காட்டியும் திருப்பணும். திருப்பறது ஒழுங்கா இருந்தா எனக்குப் போதும்ணே" என்பார். அண்ணனும் "உனக்கும் சேர்த்துதான் வேண்டிக்கறேன், கவலைப்படாத" என்பார்.

வீட்டில்தான் அப்படி இருக்க முடியவில்லை.

மகளுக்கு ஏழு வயது. போன மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் தட்டில் சோறு இருக்க, கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்துக் கீழே சாய்ந்தாள். அவர் வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினார். மனைவி பிள்ளையை மடியில் போட்டுத் தலையில் கைவைத்துப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் பார்க்க அவர் கத்தினார்.

"நீ முணுமுணுத்துக்கிட்டு இருந்த நேரத்துல பிள்ளை போயிருக்கும்."

அவளும் விடவில்லை. "நீங்க வண்டி தேடி ஓடின அந்தக் கால் மணி நேரம் பிள்ளை யார் கையில இருந்துச்சு? நான் ஒருத்திதானே பிடிச்சிட்டு இருந்தேன்? அந்த நேரம் எனக்கு வேற என்ன தெரியும்?"

டாக்டர் மாத்திரை எழுதினார். காலை ஒன்று, மாலை ஒன்று, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. மாத்திரை வீட்டுக்கு வந்தது, சண்டையும் கூடவே வந்தது. அவள் மாத்திரைப் பட்டையைப் பிரார்த்தனை அலமாரியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கொடுப்பதை ஒருநாள் பார்த்துவிட்டார். "அதுக்கும் பிரார்த்தனை படிச்சுக் காட்டு, நல்லா வேலை செய்யும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு வாரம் வீட்டில் அடுப்பெரிய விடவில்லை. கடைசியில் அவளுடைய அண்ணன், தையல் கடை வைத்திருப்பவர், வந்து நடுவில் உட்கார்ந்தார்.

"இங்க பாருங்க மாப்பிள்ளை. அவ கும்பிடறதைப் பத்தி நீங்க இனிமே வாயைத் திறக்கக் கூடாது. அந்த அலமாரிப் பக்கம் போகவும் வேணாம். நீயும் கேட்டுக்க. மருந்து, டாக்டர்னு அவர் சொல்றதுக்கு நீ குறுக்க நிக்கக் கூடாது. அவங்கவங்க பக்கம் அவங்கவங்க இருங்க. என் மருமக நிம்மதியா இருக்கட்டும்."

"சரி மச்சான்" என்றார் அவர். "சரிண்ணே" என்றாள் அவள். அன்றிலிருந்து வீடு அமைதியாக இருந்தது. ஒன்றைப் பற்றிப் பேசினால் மற்றது வந்துவிடும் என்பதால் இருவரும் இரண்டைப் பற்றியுமே பேசுவதில்லை. இதையும் சமாதானம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் பாராட்டவும் செய்தார்கள்.

*

அடுத்த மழை பிடித்தது. ஆற்றில் செம்மண் கரைந்து வந்தது. வடிகட்டும் மணல் படுகை இரண்டு நாளுக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ள, ஆட்கள் முழங்கால் அளவு சேற்றில் நின்று சுரண்டினார்கள். வழக்கமான அளவு மருந்து போதவில்லை. அவர் மணிக்கு ஒருமுறை குப்பியில் தண்ணீர் மொண்டு சொட்டு விட்டுப் பார்த்தபடி இருந்தார்.

அந்த நாட்களில் ஒருநாள் வால்வு அண்ணன் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார். "நேத்து எங்க வீட்டம்மா பிரார்த்தனைக் கூடத்துக்குப் போயிருந்தா. ரெண்டு பேர் எழுந்து நின்னு, மாத்திரையெல்லாம் விட்டுட்டோம், ஆண்டவன் குணமாக்கிட்டான்னு சொன்னாங்களாம். உன் வீட்லயும் வந்திருந்தாங்களாமே."

"அவ என்ன சொன்னாளாம்?"

"அதெல்லாம் தெரியாதுப்பா. கண்ணுல தண்ணியா உட்கார்ந்திருந்தாங்களாம்."

நாலு நாள் முன்பு அவள் சொன்னது ஞாபகம் வந்தது. துணி மடித்துக்கொண்டே, யாரிடமோ பேசுவது போல, "இனிமே பாப்பாவுக்கு ஒண்ணும் வராதுங்க. நான் முழுசா ஒப்படைச்சிட்டேன்" என்றிருந்தாள்.

மறுநாள் காலை அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் சமையலறை அலமாரியைத் திறந்தார். பன்னிரண்டு நாள் முன்பு அவரே வாங்கி வைத்த மாத்திரைப் பட்டைகள் உப்பு ஜாடிக்குப் பின்னால் அப்படியே இருந்தன. ஒரு மாத்திரைகூடப் பிய்க்கப்படவில்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பன்னிரண்டு நாள், இருபத்து நாலு மாத்திரை.

கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் கேட்டால் அலமாரி வரும், கூடம் வரும், மச்சான் வருவார், பிள்ளை மூலையில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்காருவாள். கேட்டாலும் அவள் உண்மையைச் சொல்வாள் என்று என்ன நிச்சயம்? பட்டை கண்முன்னால் முழுசாக இருக்கிறதே. சொட்டு விட்டுப் பார்த்த மாதிரி அவருக்கு அது தெளிவாக இருந்தது. பட்டைகளை எடுத்த இடத்திலேயே வைத்தார். அன்றைக்கே மருந்துக்கடைக்குப் போய் அதே சீட்டைக் காட்டி வேறு பட்டை வாங்கிச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் அவருக்கு வேலை. காலையில் மகளைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் விடுவதும், பன்னிரண்டரைக்குக் கூட்டிவருவதும் அவர்தான். மரப் பாலத்தைத் தாண்டியதும் சைக்கிளை நிறுத்தினார்.

"குட்டிம்மா, வாயைத் திற."

அவள் மாத்திரையைப் பார்த்தாள். "அப்பா, அம்மா காலையில..."

"அம்மாகிட்ட இதைச் சொல்லக் கூடாது. சொன்னா வீட்ல சண்டை வரும். அப்பா சொல்றேன்ல."

அவள் தலையாட்டினாள். பிறகு வாயைத் திறந்தாள். தண்ணீரும் ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார். மாலையில் வேலையில் இருப்பார் என்பதால் திரும்பும்போதே அதே இடத்தில் இன்னொன்று. அன்று வேலைக்குப் போனபோது மனசு லேசாக இருந்தது. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்றே நினைத்தார்.

*

லீவு நாளிலும் சைக்கிளில் ஒரு சுற்று என்று கூட்டிப்போய்க் கொடுத்தார். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. மகள் கொஞ்சம் சுணங்கி இருந்தாள், மழை என்று நினைத்தார்கள். இரண்டாவது வாரம் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தவள் அவர் முதுகில் சாய்ந்து தூங்கத் தொடங்கினாள். நோட்டுப் புத்தகத்தில் எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கின. தண்ணீர் டம்ளரை எடுக்கப் போன கை ஒரு விரற்கடை தள்ளிப் போய் மேஜையைத் தட்டியது. செருப்பை மாட்டக் குனிந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஒருநாள் பாலத்தடியில் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சிரித்தாள். "அப்பா, ரெண்டு அப்பா தெரியறீங்க."

அவர் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பிடித்துப் பார்த்தார். கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் சின்னதாக ஆடிக்கொண்டிருந்தன. பாலத்துக்குக் கீழே சிவப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் கொடுக்க ஆரம்பித்ததற்கு முந்தைய பன்னிரண்டு நாள் செய்த வேலை இது, இன்னும் ஒழுங்காகக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மறுநாளிலிருந்து ஒரு நிமிஷம்கூடப் பிசகாமல் கொடுத்தார்.

அந்த வார விடுமுறை நாளில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறும் கீரையும் ஆளுக்கொரு முட்டையும். வெளியே மழை வலுத்து ஓட்டில் இரைந்தது. மகள் பாதிச் சாப்பாட்டில் தட்டின் ஓரத்தில் தலையை வைத்துத் தூங்கிப் போனாள். மனைவி அவளைத் தூக்கிப் பாயில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை.

"என்னங்க, பாப்பா நடை ஒரு மாதிரியா இருக்கு, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"நேத்து வாசப்படியில தடுமாறினா. பேச்சும் குழறுது. எனக்குப் பயமா இருக்குங்க."

"பயந்து என்ன பண்றது. செய்ய வேண்டியதை ஒழுங்கா செஞ்சிருந்தா..."

"என்ன செய்யல?"

அவர் கீரையைக் கிளறினார். "மாத்திரை..." என்று தொடங்கினார்.

அவள் முகம் சட்டென்று இறுகியது. "மாத்திரைக்கு என்ன? திரும்ப ஆரம்பிக்கறீங்களா? அண்ணன் முன்னாடி என்ன பேசினோம்? நான் உங்க டாக்டரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? நீங்க மட்டும் என்னைக் குத்திக் காட்டலாமா?"

"நான் எங்க குத்தினேன்?"

"உங்க மனசுல இருக்கறது எனக்குத் தெரியாதா? நான் கும்பிடறதாலதான் பிள்ளைக்கு இப்படி ஆகுதுன்னு நினைக்கறீங்க."

பாயில் மகள் புரண்டாள். இருவரும் ஒரே நேரத்தில் குரலைத் தாழ்த்தினார்கள்.

"நான் ஒண்ணும் நினைக்கல. சாப்பிடு" என்றார் அவர்.

"நாளைக்குக் கூடத்துல பிரார்த்தனை நடத்தற அக்காவை வரச் சொல்லியிருக்கேன். தலையில கைவைக்கட்டும். அதுக்காவது ஒண்ணும் சொல்லாதீங்க."

"நான் எப்ப சொன்னேன்? அடுத்த வாரம் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். நீயும் ஒண்ணும் சொல்லாத."

"கூட்டிட்டுப் போங்க. நானும் வரேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். அவர் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் என்று ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. மழையில் ஆள் குறைவு, விடுப்பு கிடைக்காது என்பது ஒரு காரணம். டாக்டர் கேட்டால், நடுவில் மாத்திரை நின்று போனதைப் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டிவரும் என்பது இன்னொரு காரணம்.

இரண்டு நாள் கழித்து நிலையத்துக்குப் போனபோது தகடு சிவப்பாக இருந்தது. மருந்து போடும் நேரமோ தாண்டிவிட்டது. அவர் அளவைக் கிண்ணத்தை எடுத்தார். எடுத்தவர், வழக்கம் போல, முதலில் குப்பியில் தண்ணீர் மொண்டு சொட்டு விட்டார். நிறம் திடமாக ஏறியது. மருந்து ஏற்கெனவே விழுந்திருந்தது. வால்வு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மறந்துட்டேம்ப்பா. படுகையில ஆள் வழுக்கி விழுந்துட்டான்னு கூப்பிட்டாங்க, அப்படியே போயிட்டேன். நல்லவேளை நீ பார்த்த."

"பார்க்காம யாராவது போடுவாங்களாண்ணே?"

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? குழந்தைக்கு எப்படி இருக்கு?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு வாரத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னார். அண்ணன் முழுவதையும் கேட்டார்.

"வீட்டம்மாகிட்டக் கேட்டியா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? பட்டை அப்படியே இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"பட்டையைத்தானே பார்த்த. அவங்களைக் கேக்கலியே. கேளுப்பா. இன்னிக்கே கேளு."

"நாளைக்குக் காலையில கேக்கறேன்" என்றார் அவர்.

*

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. மனைவி பக்கத்து வீட்டுப் பெண்ணோடு குழாயடியில் நின்றாள். பள்ளிக்கூட நேரம் நெருங்கிவிட்டது. மத்தியானம் கேட்டுக்கொள்ளலாம் என்று மகளைச் சைக்கிளில் ஏற்றினார். பாலத்தடியில் நிறுத்தி மாத்திரையைக் கொடுத்தார். அவள் விழுங்கச் சிரமப்பட்டாள்.

பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. மகள் ஏழு படிக்கட்டில் மேல் படியிலிருந்து விழுந்திருந்தாள். ரத்தம் அதிகம் இல்லை, ஆனால் எழுப்பினால் எழவில்லை. கண் பாதி திறந்திருக்க, மணிகள் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தன.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர், ஒரு பெண், மகளின் கண்ணருகே விரலை நகர்த்திப் பார்த்தார். காலைத் தட்டிப் பார்த்தார். மாத்திரையின் பெயரைக் கேட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு மறுநாள் காலைதான் வரும், அதுவரை எந்த மாத்திரையும் வேண்டாம் என்றார். மனைவி கட்டிலின் ஒரு பக்கம், அவர் மறுபக்கம். நடுவில் மகள். மாலையில் பிரார்த்தனைக் கூடத்து அக்கா வந்து கட்டிலடியில் நின்று அழுதுவிட்டுப் போனார். அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டார்.

காலையில் டாக்டர் ஒரு தாளோடு வந்தார்.

"விழுந்ததால வந்தது இல்ல இது. மாத்திரையால வந்தது. ரத்தத்துல மருந்து இருக்க வேண்டிய அளவைப் போல மூணு மடங்கு இருக்கு. வீட்ல குழந்தைக்கு மாத்திரை குடுக்கறது யார்?"

"நான்தான்" என்றாள் மனைவி.

"நான்தான்" என்றார் அவர்.

டாக்டர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"நீங்க எப்பக் குடுத்தீங்க?" என்றாள் அவள்.

"நீ குடுக்கறது இல்லையே. சமையல்கட்டுல பட்டை முழுசா இருந்துச்சே."

"அது, இருக்கறது தீர்ந்துபோனா எடுக்கலாம்னு வச்சது. மாசாமாசம் இங்கயே இலவசமா வாங்கறேன். பிரார்த்தனை அலமாரியில டப்பாவுல இருக்கு. விடியக்காலையில பிரார்த்தனை முடிஞ்சதும் ஒண்ணு, விளக்கு ஏத்தினதும் ஒண்ணு. ஒரு வேளை தவறினது இல்லங்க. கூடத்து அக்கா அப்பவே சொன்னாங்க, யார் விட்டாலும் நீ மருந்தை விடாதம்மா, அதுவும் அவன் குடுத்ததுதான்னு. நீங்க அப்பத் தூங்கிட்டு இருப்பீங்க, இல்ல வேலைக்குப் போயிருப்பீங்க. லீவு நாள்ல பிரார்த்தனைக் கூடத்துல வச்சுக் குடுத்திடுவேன். உங்க கண்ணுல பட்டா சிரிப்பீங்கன்னுதான்..."

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பதினொரு வருஷம் சொட்டு விட்டுப் பார்க்காமல் ஒரு பிடி மருந்து தண்ணீரில் போட்டதில்லை. தன் பிள்ளைக்குப் பதினேழு நாள் போட்டிருக்கிறார். அந்த அலமாரியைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இந்த மருந்து ரெண்டு மடங்கு போனா ரத்தத்துல அதுக்கு மேலயும் ஏறிடும். தானா இறங்கணும். அதுவரைக்கும் எதுவும் குடுக்க முடியாது. நடுவுல வலிப்பு வந்தா அதைப் பார்த்துக்கலாம். சிறுமூளைதான் நம்மள நிமிர்ந்து நடக்க வைக்குது, அதைத்தான் இந்த மருந்து தாக்கும். எவ்வளவு திரும்பும், நடை பழையபடி வருமான்னு இப்ப சொல்ல முடியாது. வாரக்கணக்குல பார்த்துதான் சொல்லணும்."

"வரும்தானே டாக்டர்?" என்றாள் மனைவி.

"பார்க்கலாம்மா" என்றுவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கண்ணை மூடினாள், உதடு அசையவில்லை. அவர் தாளில் இருந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல இருவருக்கும் நிறைய இருந்தது, இருவரும் சொல்லவில்லை.

மத்தியானம் மழை விட்டிருந்த நேரம் மகள் கண் விழித்தாள். மனைவி குனிந்து அவள் நெற்றி முடியை ஒதுக்கினாள்.

"கண்ணு, அப்பாவும் மாத்திரை குடுத்தாரா?"

மகள் அவர் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"சொல்லு குட்டிம்மா" என்றார் அவர். "அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ம்" என்றாள்.

"நான் குடுத்தேன்ல? ஏற்கெனவே சாப்பிட்டாச்சுன்னு அப்பாகிட்டச் சொல்லக் கூடாதா? எதுக்குடி ரெண்டையும் முழுங்கின?" மனைவி அழுதுகொண்டே கேட்டாள்.

மகள் யோசித்தாள். நாக்கு புரளவில்லை, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து இழுத்து வந்தது.

"அம்மா குடுத்ததை முழுங்கினா அம்மா சண்டை போட மாட்டாங்க. அப்பா குடுத்ததை முழுங்கினா அப்பா சண்டை போட மாட்டார்."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்க்க முயன்றாள். அவள் கண்கள் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்ததால் யாரைப் பார்த்துக் கேட்டாள் என்று தெரியவில்லை.

"இன்னிக்கு யாருமே மாத்திரை குடுக்கல. சண்டை போட்டுட்டீங்களா?"

இல்லை என்று இருவரும் தலையாட்டினார்கள். அவள் நம்பவில்லை. பார்த்தபடியே இருந்தாள்.